முதல்லேர்ந்து சொல்லுங்க: உதவி எண்களோடு மூன்று வருடம்

தேவகோட்டையிலிருந்து சிநேகிதன் ஒருவன் போன வாரம் கேட்டான்: "நீ பேசுவேல்ல, அந்த நம்பரு... அதுனால பிரயோசனம் இருக்காடா? தம்பிக்குத்தான் கேக்குறேன்." தம்பிக்குத்தானா என்று நான் கேட்கவில்லை. மனநல உதவி எண்ணை அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகு, மூன்று வருடமாக இந்த எண்களைத் திட்டிக்கொண்டேதான் கூப்பிட்டு வருகிறேன் என்பது உறைத்தது. அதனால் திட்டு முதலில்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க." என் வயிற்றெரிச்சல் முழுக்க இந்த ஒரு வரிதான். அரசு எண், தொண்டு அமைப்பின் எண் என்று சிலவற்றை முயன்றிருக்கிறேன். எதில் எது நடந்தது என்று பிரித்துச் சொல்லப் போவதில்லை. நேற்றுப் பேசிய ஆள் இன்றைக்கு இருக்க மாட்டார். பெயர், வயது, மாவட்டம். "காரைக்குடி மாவட்டமா சார்?" இல்லைங்க, சிவகங்கை. அப்புறம் அப்பச்சி (எங்கள் அப்பா) போனது, கடையை மூடியது, ராத்திரி மூன்று மணிக்கு முழிப்புத் தட்டுவது. ஐந்தாவது தடவை சொன்னபோது எனக்கே யாரோ வீட்டுக் கதை போலிருந்தது. ஒரு நாள் பாதியில் வைத்துவிட்டேன். முறை வைத்து வேலை பார்ப்பவர்கள், ஒரே ஆள் எத்தனை ராத்திரி விழித்திருப்பார் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்தும் எரிச்சல் வருகிறது.

இதில் பாதிக் குற்றம் எங்கள் வீட்டுடையது. வெளியூர்க்காரர்கள் வந்து தூணைப் படம் பிடிக்கிற மாதிரி செட்டிநாட்டு வீடு. ஆனால் தனியாகப் பேச இடம் கிடையாது. வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றி இருக்கிற அறைகள் ஒவ்வொரு புள்ளிக்கும் (கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும்) ஒன்று. சாவிகள் சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கின்றன. முகப்பில் பேசினால் இரண்டாங்கட்டில் அரிசி புடைக்கிற அப்பத்தாவுக்குக் கேட்கும். ஆகவே ஊருணிப் படிக்கட்டுதான் என் ஆலோசனை அறை. அங்கே சிக்னல் ஒரு கோடு. முதலிலிருந்து சொல்லச் சொல்பவரிடம், "கேக்குதா, கேக்குதா" என்று வேறு கத்த வேண்டும்.

திட்டு போதும். ஒரு ராத்திரி, இனி இருந்து என்ன என்று தோன்றிவிட்டது. எண்ணை அழுத்தினேன். எடுத்தது ஒரு பெண். குரலை வைத்து என்னைவிடச் சின்னவர் என்று நினைக்கிறேன். கொஞ்சம் கேட்டுவிட்டு நேராகவே கேட்டார்: "சாகணும்னு தோணுதாண்ணே?" ஊரில் அத்தனை சொந்தம் இருந்தும் அதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. 'நரம்பு டாக்டரைப் பாரு', 'குன்றக்குடிக்குப் போய்ட்டு வா' என்பதோடு சரி. ஆமாம் என்றேன். அவர் பதறவும் இல்லை, புத்திமதி சொல்லவும் இல்லை. நான் அழுது முடிக்கிற வரை சும்மா இருந்தார். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். இன்றைக்குத் தனியாகப் படுக்காதீர்கள், ஆத்தா பக்கத்தில் வளவிலேயே படுங்கள், காலையில் மருத்துவமனைக்குப் போங்கள் என்றார். படுத்தேன். போனேன். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, மாத்திரைக்குக் காசில்லை. கூட்டமும் வரிசையும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாத்திரை பிடிபட சில வாரம் ஆகும், நாமாக நிறுத்தக் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். தங்கச்சி கல்யாண மாதத்தில் 'நல்லாத்தானே இருக்கோம்' என்று நிறுத்தினேன். தலைசுற்றலும் மூன்று மணி முழிப்பும் சேர்ந்தே திரும்பி வந்தன. அப்போது ஒரு உறவினர் ஏர்வாடியில் கொண்டுபோய் விடச் சொன்னார். 2001 ஆகஸ்டில் அங்கே ஒரு காப்பகத்தில் பிடித்த தீயில், சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் செத்துப்போனதை ஆத்தா மறக்கவில்லை. அந்த உறவினருக்கு அன்றைக்குக் காப்பிகூடக் கிடைக்கவில்லை.

சிநேகிதன் இன்னொன்றும் கேட்டான்: போலீஸ் கேஸ் ஆகுமா? உதவி எண்ணில் பேசுவதற்கு யாரும் கேஸ் போட மாட்டார்கள். முயன்று பிழைத்தவரையே கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சொல்கிறது. எண்கள்: 14416, மத்திய அரசின் டெலி மானஸ். 2022 அக்டோபரில் தொடங்கியது, கட்டணமில்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104. சென்னை சிநேகா, 1986-லிருந்து இருக்கும் அமைப்பு, 044-24640050. ஆள் கண்முன்னே ஆபத்தில் இருந்தால் இதையெல்லாம் தேடாதீர்கள், 108.

'முதல்லேர்ந்து' தொல்லைக்கு நான் கண்ட வைத்தியம், பழைய கணக்கு நோட்டில் அரைப் பக்கம். எப்போதிலிருந்து தூக்கமில்லை, என்ன மாத்திரை, எத்தனை மில்லி கிராம், போன தடவை என்ன சொன்னார்கள். கூப்பிட்டதும் படித்துவிடுவேன். ஓ.பி. டாக்டரும் அதைத்தான் கேட்டு வாங்கிப் படித்தார். எனக்கென்று அவரிடம் இருந்ததே இரண்டு நிமிடம்தான். ஆனாலும் கோபம் தணியவில்லை: நோட்டு எழுதுகிற நிலையில் இருப்பவன் ராத்திரி மூன்று மணிக்கு ஏன் கூப்பிடப் போகிறான்? நட்சத்திரம் போடச் சொன்னால் இரண்டுதான் போடுவேன். எண்ணை மட்டும் அழிக்க மாட்டேன்.

அதை 'கேஸ் சிலிண்டர் புக்கிங்' என்று பதிந்து வைத்திருக்கிறேன். போனை யாராவது வாங்கிப் பார்த்தால் தெரியக் கூடாதே. தை மாதம் சிலிண்டர் தீர்ந்துபோக, ஆத்தா என் போனை எடுத்து அதையே அழுத்தியிருக்கிறார். நான் குளித்துவிட்டு வரும்போது வளவில் தூணில் சாய்ந்து பேசிக்கொண்டிருந்தார். முழங்கால் வலி, அப்பச்சி இல்லாத வீடு, நான் சரியாகச் சாப்பிடாதது எல்லாம், முதலிலிருந்து. இருபது நிமிடம். வைத்துவிட்டுச் சொன்னார்: "ரொம்ப நல்ல பிள்ளையப்பா. சிலிண்டர் எப்ப வரும்னுதான் கடைசி வரைக்கும் சொல்லல."