கண்காட்சிக்கு எது: எச்.ஐ.வி.யா, ஹேர்பிஸா?

வெள்ளவத்தைப் பக்கம் ஏ.எல். உயிரியல் படிக்கும் பிள்ளைகள் சிலர், மனிதக் குரங்கு வைரஸ்களுக்கும் நம்முடையவற்றுக்கும் உள்ள உறவைக் கண்காட்சியில் வைக்கப் போகிறார்கள். எச்.ஐ.வி.யையா, வாயிலோ பிறப்புறுப்பிலோ கொப்புளம் தரும் ஹேர்பிஸையா எடுப்பதென்றுதான் இழுபறி.

உறவு
எச்.ஐ.வி.-1: உலகெங்கும் பரவிய ‘எம்’ (M) குழுவுக்கு மிக நெருக்கம், தென்கிழக்குக் கமரூன் சிம்பன்சிகளின் எஸ்.ஐ.வி. (குரங்கினங்களில் உள்ள, எச்.ஐ.வி.யை ஒத்த வைரஸ்). ‘ஓ’ (O), ‘பி’ (P) குழுக்கள் கொரில்லா வழி. (எச்.ஐ.வி.-2 வேண்டாம், அது வால் உள்ள மங்கபே குரங்கிலிருந்து வந்தது.)
ஹேர்பிஸ்: இதுதான் அருமையான இடம். நம்மிடமுள்ள இரு வகைகளும் ஒன்றுக்கொன்று நெருக்கம் என்றே எவரும் நினைப்பார்கள். மரபணு வரிசையைப் பார்த்தால், இரண்டாம் வகைக்கு முதலாம் வகையைவிடச் சிம்பன்சியின் ஹேர்பிஸே நெருக்கம். 2014 ஆய்வின் கணிப்பில், முதலாம் வகை ஏறத்தாழ 60 லட்சம் ஆண்டுகளாக நம் பரம்பரையோடு வருகிறது. இரண்டாம் வகை சுமார் 16 லட்சம் ஆண்டுகளுக்கு முன் சிம்பன்சியின் மூதாதையரிடமிருந்து தாவியது.

ஆதாரம்
எச்.ஐ.வி.: கொங்கோவின் கின்ஷாசாவில் 1959, 1960 இல் மனிதரிடம் எடுத்த, வைரஸ் உள்ள மாதிரிகளே உண்டு.
ஹேர்பிஸ்: அந்தத் தாவலுக்கு மாதிரி ஏது? வரிசை ஒப்பீடுதான்.

வரைபடம்
எச்.ஐ.வி.: கிளை அதிகம், பிரிஸ்டல் போட் நிறைந்துவிடும்.
ஹேர்பிஸ்: மூன்று கிளை போதும்.

பார்க்க வருபவர்களிடம் நோய் பரவிய வரலாற்றைப் பேச விரும்பினால் எச்.ஐ.வி. எடுங்கள். வேட்டை இறைச்சி வெட்டுகையில் இரத்தம் பட்டே தாவியிருக்கும் என்ற கருத்தையும் எழுதி வையுங்கள். வதந்திக் கேள்விகள் கட்டாயம் வரும். பரம்பரை மரத்தை வாசிக்கக் காட்டுவதுதான் நோக்கமென்றால் ஹேர்பிஸ். என் வாக்கு அதற்கே.