கோவிட்19இந்தியா.ஆர்க்: என் கடைப் பலகைக்குக் கணக்குக் கொடுத்த தளம்

கும்பகோணத்தில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். 2020 ஏப்ரலில் கொரோனா எண்ணிக்கையை எழுதக் கடை வாசலில் ஒரு கரும்பலகை மாட்டினேன். மாத்திரை வாங்க வருகிறவர்கள் எல்லாம் "இன்னைக்கு எத்தனை அண்ணே?" என்று கேட்டார்கள். தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அன்றிலிருந்து 2021 அக்டோபர் 31-இல் தளம் நிறுத்தப்படும் வரை பலகைக்கு எண் எடுத்தது கோவிட்19இந்தியா.ஆர்க் தளத்தில்தான். மூடிப்போன சேவைக்கு இப்போது எதற்கு மதிப்புரை என்று கேட்கலாம். இன்னொரு தொற்று வந்தால் இதுபோல ஒன்றை யாராவது தொடங்கத்தான் போகிறார்கள். அவர்களுக்காகவும், அதைப் பார்த்து நாலு பேருக்குச் சொல்லப்போகிறவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இதை நடத்தியவர்கள் தன்னார்வலர்கள். ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு நேரத்தில், ஒவ்வொரு வடிவத்தில் அறிக்கை விடும். சில மாநிலங்கள் படமாக விடும். அதையெல்லாம் உட்கார்ந்து படித்து, ஒரே அட்டவணைக்குள் கொண்டுவந்து, இலவசமாகக் கொடுத்தார்கள். மேலே நான்கு எண்கள்: சிவப்பில் மொத்தத் தொற்று, நீலத்தில் சிகிச்சையில் இருப்பவர்கள், பச்சையில் குணமானவர்கள், சாம்பல் நிறத்தில் இறந்தவர்கள். கீழே வரைபடம், மாநில வாரி, மாவட்ட வாரிக் கணக்கு. என் பழைய போனில்கூடச் சட்டென்று திறக்கும். இந்த உழைப்புக்கு நான் இன்றைக்கும் கைகூப்புகிறேன்.

ஆனால் எண் சரியாக இருந்தும் அது ஒரு வீட்டை அழவைக்கும் என்பதையும் இதே தளத்தில்தான் கற்றுக்கொண்டேன்.

2021 ஜூன் 10. தஞ்சாவூர் மாவட்டம் ஊரடங்குத் தளர்வு கிடைக்காத 11 மாவட்டங்களில் ஒன்றாக இருந்த வாரம். காலைச் செய்தியில், நாட்டில் ஒரே நாளில் 6,148 பேர் மரணம் என்றார்கள். தளத்தைத் திறந்தால் அங்கேயும் சாம்பல் கோடு செங்குத்தாக எழுந்து நின்றது. அதுவரை இந்தியா பார்க்காத எண். பலகையில் பெரிதாக எழுதிவிட்டு ஷட்டரைத் தூக்கினேன். பத்து மணி வாக்கில் ஒரு அக்கா வந்தார். அவர் வீட்டுக்காரர் தஞ்சாவூரில் ஆக்சிஜன் படுக்கையில் இருந்தார், தேறி வருகிறார் என்று முந்தைய நாள்தான் சொல்லியிருந்தார். பலகையைப் பார்த்ததும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "குறையுதுன்னு சொன்னீங்களே தம்பி, மறுபடி ஏறுதா?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

மத்தியானம் அட்டவணையில் மாநிலம் மாநிலமாகப் பார்த்தேன். பீகாரில் மட்டும் எண் எகிறி நின்றது. விசாரித்தால், அந்த மாநில அரசு பழைய கணக்கைச் சரிபார்த்து, விட்டுப்போன 3,951 மரணங்களை ஒரே நாளில் சேர்த்திருக்கிறது. அதாவது அந்த 6,148-இல் பெரும்பகுதி அன்றைக்கு நடந்த மரணமே இல்லை, அன்றைக்கு எழுதப்பட்ட மரணம். நாட்டில் தொற்று உண்மையிலேயே இறங்கிக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டில் உச்சம் மே 21-ஆம் தேதியே, 36,184 தொற்றோடு, வந்துபோயிருந்தது. அந்த அக்காவுக்கு போன் போட்டு விளக்கினேன். கேட்டுக்கொண்டார். ஆனால் அவர் அன்று பட்ட ஆறு மணி நேர வேதனையை யார் திருப்பிக் கொடுப்பது?

இது பீகாருக்கு மட்டும் உள்ள கதை இல்லை. 2020 ஜூலை 22-இல் நம் மாநிலமே சென்னையில் விடுபட்ட 444 மரணங்களைச் சேர்த்தது. அன்றைய அறிக்கையில் மொத்தம் 518. வரைபடத்தில் அந்த நாளில் ஒரு முள் மாதிரி கோடு நிற்கும். விடுபட்டதைச் சேர்த்தது நேர்மையான காரியம். ஆனால் கோட்டை மட்டும் பார்க்கிறவனுக்கு அது தெரியாது. தளத்தின் மேல் எனக்கு இருக்கும் முதல் வருத்தம் இதுதான். இறந்த தேதி வாரியாக இல்லாமல் அறிக்கை தேதி வாரியாகத்தான் எண் வந்தது என்பதை அந்த வரைபடத்தின் நெற்றியிலேயே எழுதியிருக்க வேண்டும். அரசு கொடுத்த எண் அப்படி இருந்தால் அவர்கள் என்ன செய்வார்கள் என்பதும் புரிகிறது.

அட்டவணையில் ஒரு பொத்தான் உண்டு: பத்து லட்சம் பேருக்கு எத்தனை என்று மாற்றிக் காட்டும். என் கணக்கில் தளத்தின் விலைமதிப்பே அந்தப் பொத்தான்தான், ஆனால் என் கடைக்கு வந்தவர்களில் ஒருவரும் அதை அழுத்தியதாகச் சொல்லவில்லை. மொத்த எண்ணிக்கையை வைத்து ஒரு பெரிய மாநிலத்தையும் புதுச்சேரியையும் ஒப்பிட்டுச் சண்டை போட்டார்கள். அதேபோல ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட் குறையும், ஓரிரு நாளில் தொற்று எண்ணிக்கையும் குறைந்ததுபோல் தெரியும். ஏழு நாள் சராசரியைப் பார்த்தால் இந்தக் குழப்பம் இல்லை. நான் கடைசியில் பலகையில் அதைத்தான் எழுத ஆரம்பித்தேன்.

கேரளாவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2021 ஜூலைக் கடைசியில் இந்தியாவின் தினசரித் தொற்றில் ஏறத்தாழ பாதி கேரளாவில். பலகைக்கு முன்னால் நின்று "கேரளா கோட்டை விட்டுட்டாங்க" என்று பேசாதவர் இல்லை. அதே சமயத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) நான்காவது ரத்த ஆய்வு வெளிவந்தது. நாட்டில் 67.6 சதவீதம் பேரின் ரத்தத்தில், நோய் வந்துபோனாலோ ஊசி போட்டாலோ உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் புரதங்கள் இருந்தன. மத்தியப் பிரதேசத்தில் 79 சதவீதம். கேரளாவில் 44.4, அதுதான் ஆய்வு செய்த மாநிலங்களிலேயே குறைவு. அதாவது கேரளாவில் இன்னும் நோய் தொடாத ஆட்கள் அதிகம் மிச்சமிருந்தார்கள், வந்த நோயையும் அங்கே கூடுதலாகக் கண்டுபிடித்து எழுதினார்கள். சிவப்பு எண் நோயை மட்டும் அளக்கவில்லை, தேடலையும் சேர்த்து அளந்தது.

தளத்தில் கிடைக்காமல் நான் தவித்த ஒன்று தடுப்பூசிக் கணக்கு. எத்தனை டோஸ் போட்டார்கள் என்று இருந்தது. போட்டவர்களில் எத்தனை பேர் இறந்தார்கள், போடாதவர்களில் எத்தனை பேர் என்று இல்லை. 2021 ஏப்ரலில் நடிகர் விவேக் தடுப்பூசி போட்ட இரண்டாம் நாள் மாரடைப்பில் இறந்ததிலிருந்து எங்கள் தெருவில் ஊசி என்றாலே பயம். அந்த மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மத்திய நிபுணர் குழு சொன்னபோது அக்டோபர் ஆகிவிட்டது. இடையில் ஜூனில் சென்னையின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் தமிழ்நாட்டுப் போலீசாரை வைத்துச் செய்த ஆய்வு வந்தது. பிப்ரவரி 1 முதல் மே 14 வரை கொரோனாவில் இறந்த போலீசார் 31 பேர். ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர் வந்து, "31 பேர்ல 11 பேர் ஊசி போட்டவங்களாமே, அப்புறம் எதுக்குப் போடணும்?" என்றார்.

அவர் சொன்ன எண்ணில் பொய் இல்லை. அன்றைக்குப் பலகையை அழித்துவிட்டு வேறு மாதிரி எழுதினேன். ஊசியே போடாதவர்கள் 17,059, இறந்தவர்கள் 20. ஒரு டோஸ் போட்டவர்கள் 32,792, இறந்தவர்கள் 7. இரண்டு டோஸ் போட்டவர்கள் 67,673, இறந்தவர்கள் 4. பக்கத்தில், பத்தாயிரம் பேருக்கு எத்தனை என்று: 12, 2, ஒன்றுக்கும் குறைவு. அண்ணன் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "இப்படிச் சொன்னா புரியுதுல்ல" என்றார். அடுத்த வாரம் வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்ப் போட்டுக்கொண்டார். அந்த மூன்று வரியை ஒரு மாதம் அழிக்கவில்லை.

சாம்பல் எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. டெஸ்டே எடுக்காமல் வீட்டில் மூச்சுத் திணறி இறந்தவர்கள் எந்த அறிக்கையிலும் இல்லை, அதனால் தளத்திலும் இல்லை. எனக்குத் தெரிந்தே எங்கள் பக்கத்துத் தெருவில் இரண்டு பேர். 2021 முடிய இந்தியாவின் அதிகாரக் கணக்கு சுமார் 4.8 லட்சம், உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம், வழக்கத்தைவிட அதிகமாக நேர்ந்த மரணங்கள் 47 லட்சம் என்று மதிப்பிட்டது. மத்திய அரசு அந்தக் கணக்கு முறையை ஏற்கவில்லை. எது சரியோ, சாம்பல் எண்ணை "இறந்தவர்கள்" என்று வாசிக்காமல் "எண்ணப்பட்டவர்கள்" என்று வாசிக்க வேண்டும்.

மதிப்பெண்: ஐந்துக்கு நான்கு. எண்களைத் திறந்து வைத்த நேர்மைக்கும், மாவட்டம் வரை போன உழைப்புக்கும் நான்கும் தகும். ஒன்றைக் குறைத்தது, தலைப்பில் மொத்த எண்ணை வைத்துவிட்டு மக்கள்தொகைக் கணக்கை ஒரு பொத்தானுக்குப் பின்னால் வைத்ததற்காக. அடுத்து இதைச் செய்கிறவர்கள் அந்த இரண்டையும் இடம் மாற்றி வைத்தால், பலகை எழுதுகிற என் போன்ற கடைக்காரர்கள் முதல் நாளே சரியான எண்ணை எழுதுவோம்.