சேமித்த தாய்ப்பாலில் சோப்பு வாடை: சூடாக்குவதா, கலந்து கொடுப்பதா?

தாய்ப்பாலில் இயல்பாகவே உள்ள லைப்பேஸ் என்னும் நொதி கொழுப்பை உடைத்துக் கொழுப்பு அமிலங்களாக்குகிறது. சேமித்த பாலில் சோப்பு வாடை வருவது இதனால்தான். குளிர்பெட்டி இந்த வேலையை மந்தப்படுத்துமே தவிர நிறுத்தாது. உறைநிலையிலும் அது மெல்லத் தொடரும். பால் கெட்டுவிடவில்லை. குழந்தை முகம் சுளிக்காமல் குடித்தால் எதுவுமே செய்ய வேண்டாம்.

குடிக்க மறுத்தால் முதல் வழி, சூடாக்குவது. பாலைக் கறந்த உடனே, ஓரங்களில் சிறு குமிழ்கள் தோன்றும் வரை, ஏறத்தாழ 82 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, கொதிக்கும் முன் இறக்கி, விரைவாகக் குளிரவைத்து உறையவைக்க வேண்டும். லைப்பேஸ் செயலிழந்துவிடும். கூடவே நோய் எதிர்ப்புக் கூறுகளும் சில வைட்டமின்களும் ஓரளவு குறையும். வாடை வந்தபின் சூடாக்கிப் பயனில்லை. உடைந்த கொழுப்பு மீண்டும் ஒட்டாது. தூக்கம் கெட்ட நள்ளிரவில் அடுப்பருகே நிற்பதும் எளிதல்ல.

இரண்டாவது வழி, வாடையுள்ள பாலில் சிறிதளவைப் புதிய பாலுடன் கலந்து, குழந்தை ஏற்கும் அளவுக்கு விகிதத்தைக் கூட்டுவது. சத்து வீணாகாது, ஏற்கெனவே உறைந்த இருப்பும் பயன்படும். ஆனால் தாய் அருகில் இல்லாத நேரத்தில் புதிய பாலுக்கு எங்கே போவது?

வாடை லேசாக இருந்தால் நான் கலப்பதையே தேர்ந்தெடுப்பேன். சில மணி நேரத்திலேயே வாடை எழுந்து, குழந்தையும் பிடிவாதமாக மறுத்தால் சூடாக்கலாம். குறைமாதக் குழந்தை என்றால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். புளித்த நாற்றம் அடித்தால் அது லைப்பேஸ் விவகாரமல்ல, கொட்டிவிடுங்கள்.