காட்டினால் போதுமா, அதே நாணயத்தில் வசூலிக்க வேண்டுமா?

இணையக் கடையில் நாணய மாற்று வசதி சேர்க்க இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, வாங்குபவரின் நாணயத்தில் விலையைக் காட்டுவது மட்டும். பணம் கடையின் நாணயத்திலேயே கழியும். செய்வது எளிது. ஐரோப்பிய மத்திய வங்கி வேலைநாட்களில் வெளியிடும் நாணய மாற்று விகிதங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் கார்டு கொடுத்த வங்கி தன் விகிதத்தையும் கட்டணத்தையும் போடும். திரையில் பார்த்தது ஒன்று, கழிந்தது வேறு என்றால் கோபம் கடையின் மேல்தான். ‘தோராயமாக’ என்று விலைக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

இரண்டாவது, அந்த நாணயத்திலேயே வசூலிப்பது. பார்த்த விலைதான் கட்டும் விலை. வாங்குபவருக்கு இதைவிட நேர்மையானது இல்லை. வேலைதான் அதிகம். பேமெண்ட் கேட்வே (கடைக்காகக் கார்டு பணத்தை வசூலித்துத் தரும் சேவை) அந்த நாணயத்தை ஏற்க வேண்டும். ஆர்டர் நேரத்து விகிதத்தைச் சேமித்து வைக்க வேண்டும். பணத்தைத் திருப்பித் தரும்போது விகிதம் மாறியிருந்தால் வித்தியாசம் கடையின் தலையில் விழலாம். தசமம் இன்னொரு தொல்லை: ஜப்பானிய யென்னுக்குத் தசம இலக்கமே கிடையாது, குவைத் தினாருக்கு 3. எல்லாவற்றுக்கும் 2 என்று வைத்து, தொகையை 100-ஆல் பெருக்கி சில்லறை அலகில் அனுப்பும்படி நிரல் எழுதினால் யென் தொகை 100 மடங்காகிவிடக்கூடும்.

வெளிநாட்டு ஆர்டர் எப்போதாவது வருகிறதென்றால் முதலாவது போதும். ஒரே நாணயத்தில் தொடர்ந்து வாங்க ஆள் இருந்தால், அந்த ஒன்றுக்கு மட்டும் இரண்டாவதைத் தொடங்குவேன்.