ஸோட்டெரோ: தமிழ் ஆய்வு மாணவர்களுக்கு எந்த அளவு உதவும்?

தில்லியில் தமிழாய்வு செய்யும் மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்தும்போது, கட்டுரையின் உடலைக் காட்டிலும் துணைநூற்பட்டியலில்தான் எனக்குச் சிவப்பு மை அதிகம் செலவாகிறது. அடிக்குறிப்பில் ஓர் ஆண்டு, பட்டியலில் வேறோர் ஆண்டு. பதிப்பாசிரியர் இருக்க வேண்டிய இடத்தில் பதிப்பகம். சில உள்ளீடுகளுக்குப் பக்க எண்ணே இராது. இந்தத் தொல்லைக்கு மாற்றாக மாணவர்களுக்கு நான் பரிந்துரைத்து வருவது, நூல் விவரங்களைச் சேமித்து மேற்கோளையும் துணைநூற்பட்டியலையும் தானே அமைத்துத் தரும் ஸோட்டெரோ என்னும் மென்பொருள். அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் 2006-இல் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் நீட்சியாகத் தொடங்கிய இது, இன்று விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் தனிச் செயலியாக இயங்குகிறது. இது திறந்த மூல மென்பொருள், கட்டணம் கிடையாது.

ஆங்கில ஆய்விதழ்களைப் பொறுத்தவரை இதன் வேலை ஏறக்குறையக் குறையற்றது. கட்டுரைப் பக்கத்தைத் திறந்து உலாவியில் உள்ள பொத்தானை அழுத்தினால் ஆசிரியர், இதழ், தொகுதி, பக்கம், டி.ஓ.ஐ. எண் (இணையத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய நிலையான அடையாள எண்) அனைத்தும் தாமாகவே பதிவாகின்றன. நிறுவனத்திற்குச் சந்தா இருந்தால் பி.டி.எஃப். கோப்பும் உடன் வந்து சேர்கிறது. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கி, 30 பதிப்பாளர்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்ட பிறகு, இங்குள்ள பல்கலைக்கழக மாணவர்களுக்கு இந்த வசதி மெய்யாகவே பயன்படுகிறது.

சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவுச் செயலிகள், இல்லாத கட்டுரைகளை உண்டென்று சொல்லி டி.ஓ.ஐ. எண்ணையும் கூசாமல் கொடுக்கும் இக்காலத்தில், ஸோட்டெரோவை ஓர் உரைகல்லாகவும் பயன்படுத்தலாம். மந்திரக்கோல் படம் போட்ட பொத்தானை அழுத்தி அந்த எண்ணை இட்டால், பொய் எண்ணாக இருக்கும்போது பெரும்பாலும் எதுவும் கிடைக்காது. சில வேளைகளில் தலைப்புக்குத் தொடர்பே இல்லாத வேறொரு கட்டுரை வந்து நிற்கும். இரண்டாவது நிலை ஏமாற்றக்கூடியது என்பதால், வந்த தலைப்பைப் படித்துப் பார்க்காமல் சேர்த்துவிடக் கூடாது. திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளையும் இது அடையாளம் காட்டுகிறது. தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு கற்பித்து 1998-இல் லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளிவந்து, 2010-இல் அவ்விதழே திரும்பப் பெற்ற கட்டுரையைச் சேர்த்தால், பட்டியலில் சிவப்புப் பெருக்கல் குறி தோன்றும். மேற்கோள் காட்ட முயன்றால் எச்சரிக்கையும் வரும்.

ஆனால் ஓர் இதழ் தரமானதா, பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடுவதா என்பதை இம்மென்பொருள் சொல்லாது. பல்கலைக்கழக மானியக் குழு தரமான இதழ்களுக்கென வைத்திருந்த தன் கேர் பட்டியலை 2025-இல் கைவிட்டுவிட்ட நிலையில், அந்தப் பொறுப்பு முழுவதும் நிறுவனத்தின் மீதும் மாணவர் மீதும்தான் விழுகிறது. போலி இதழின் கட்டுரையையும் ஸோட்டெரோ அதே பணிவோடு, அதே அழகோடு வரிசைப்படுத்தித் தரும்.

தமிழ் நூல்களுக்கு வரும்போதுதான் சோதனை தொடங்குகிறது. ஆர்.கே. புரத்தில் உள்ள தில்லித் தமிழ்ச் சங்க நூலகத்தில் எடுக்கும் பழைய நூல்களில் ஐ.எஸ்.பி.என். என்னும் நூல் அடையாள எண்ணைத் தேடிப் பயனில்லை. தலைப்புப் பக்கத்தைப் பார்த்து ஒவ்வொன்றையும் கையால் தட்டச்சு செய்ய வேண்டும். அமெரிக்க நூலகப் பட்டியல்களிலிருந்து இறக்கினாலோ, உ.வே. சாமிநாதையர் மேலே கோடிட்ட ரோமன் எழுத்துகளில் வந்து சேர்வார். அதைவிடப் பெரிய சிக்கல் பெயரைப் பிரிப்பது. ஸோட்டெரோ ஒவ்வோர் ஆசிரியரையும் குடும்பப் பெயர், இயற்பெயர் என இரண்டாக வெட்டுகிறது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த இந்திரா பார்த்தசாரதி, ஏ.பி.ஏ. என்னும் மேற்கோள் நடையில் 'பார்த்தசாரதி, இ.' ஆகிவிடுகிறார். மனைவியின் பெயரைச் சேர்த்து அவர் வைத்துக்கொண்ட புனைபெயரில் 'இந்திரா' என்பதை முன்னெழுத்தாகச் சுருக்குவது எனக்கு ஒப்பவில்லை. ஆசிரியர் பெயரின் அருகில் உள்ள சிறு பொத்தானை அழுத்தினால் இரண்டு கட்டங்களும் ஒன்றாகிவிடும். அதன்பின் பெயர் முழுதாக நிற்கும். புதுமைப்பித்தன் போன்ற ஒற்றைப் பெயர்களுக்கும் இதுவே வழி. இவ்வளவு பயனுள்ள ஒரு வசதி கண்ணுக்குத் தென்படாத மூலையில் இருப்பது வடிவமைப்பின் குறைதான். ஆங்கில நடையைத் தேர்ந்திருந்தால் தமிழ்ப் பெயர்களுக்கு நடுவே 'மற்றும் பலர்' என்று பொருள்படும் 'எட் ஆல்.' வந்து உட்காருவதையும் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மறுபதிப்பு ஆண்டு மற்றொரு பொறி. உ.வே.சா. புறநானூற்றைப் பதிப்பித்தது 1894-இல்; மாணவர் கையில் இருப்பதோ 2014-இல் வந்த மறுஅச்சு. நூலில் கண்ட ஆண்டை மட்டும் உள்ளிட்டால், 1942-இல் மறைந்தவர் 2014-இல் நூல் வெளியிட்டதாகக் கட்டுரை சொல்லும். உங்கள் மென்பொருளில் முதற்பதிப்பு ஆண்டுக்கென்று தனிக் கட்டம் இல்லையென்றால் ஒரு வழி உண்டு. 'எக்ஸ்ட்ரா' என்னும் கட்டத்தில் 'ஒரிஜினல் டேட்' என்று ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி வைத்து 1894 என்று இட்டால், ஏ.பி.ஏ. நடை இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துக் காட்டுகிறது. பதிப்பு வரலாறே ஆய்வுப் பொருளாக உள்ள துறையில் இதைச் சுற்றுவழியில் செய்ய நேர்வது வருத்தத்துக்குரியது.

வேர்டு, லிப்ரே ஆஃபிஸ், கூகுள் டாக்ஸ் மூன்றிலும் மேற்கோளை நேரே செருக முடிகிறது. நெறியாளர் நடையை மாற்றச் சொன்னால் ஒரே தேர்வில் ஆய்வேடு முழுவதும் மாறிவிடும். செருகிய மேற்கோளுக்குள் கைவைத்துத் திருத்தினால் மட்டும் அடுத்த முறை புதுப்பிக்கும்போது மென்பொருள் முரண்டுபிடிக்கும். திருத்தத்தை மூலப் பதிவில்தான் செய்ய வேண்டும்.

இணையச் சேமிப்பில் 300 எம்.பி. இலவசம், வருடி எடுத்த தமிழ் நூல்கள் சிலவற்றுக்கே அது நிரம்பிவிடும். நூல் விவரங்களுக்கு இந்த வரம்பு இல்லை, இணைத்த கோப்புகளுக்கு மட்டுமே உண்டு என்பதால், பி.டி.எஃப். கோப்புகளைத் தம் கணினியிலேயே வைத்துக்கொள்ளும் மாணவருக்குக் கட்டணம் செலுத்தும் தேவை வராது. ஒரு பருவத் தாளுக்குப் பத்து நூல்களை மேற்கோள் காட்டுபவர் இதைக் கற்க மெனக்கெட வேண்டியதில்லை. முனைவர் பட்ட ஆய்வில் இருப்பவர் முதல் இயலை எழுதத் தொடங்கும் முன்பே நிறுவிக்கொள்வது நல்லது. கையால் எழுதி முடித்த அடிக்குறிப்புகளைப் பின்னர் ஒவ்வொன்றாக நீக்கி மீண்டும் செருகுவதைத் தவிர வேறு வழியில்லை.