ஸ்டாக்ஹோம் ஆர்லாண்டா ஏர்போர்ட்ல இருந்து பக்கத்து ஊரு சிக்டூனா போறவங்க டாக்ஸி ஏறுறதுக்கு முன்னாடி இத படிச்சிடுங்க

போன மாசம் நானும் வீட்டம்மாவும் ஸ்டாக்ஹோம் போனப்ப முதல் ராத்திரி சிக்டூனால தங்கலாம்னு ரூம் போட்டிருந்தோம். 980 வாக்குல உண்டான ஊரு, ஏர்போர்ட்ல இருந்து 20 கிலோமீட்டர் இருக்கும், அவ்ளோதான். வெளிய வந்தா ஒரு ஆளு தானா வந்து டாக்ஸியான்னு கேட்டு பெட்டிய வாங்கிட்டாரு, மஞ்சள் நம்பர் பிளேட் இருக்கு, மீட்டர் ஓடுது, ஸ்வீடன்ல யாரு ஏமாத்தப் போறாங்கன்னு நம்பி ஏறிட்டோம். இறங்குறப்ப பில்லு 1,960 குரோனர்! நம்ம காசுக்கு பதினாறாயிரத்துக்கு மேல. என்னங்க இதுன்னு கேட்டா பின் கதவு கண்ணாடிய காட்றாரு, அங்க ஸ்டிக்கர்ல 1,040னு போட்டிருக்கு.

விஷயம் என்னன்னா அங்க டாக்ஸிக்கு அரசாங்க ரேட்டே கிடையாது, அவனவன் வச்சதுதான் விலை. அந்த மஞ்சள் வெள்ளை ஸ்டிக்கர்ல பெருசா இருக்கிற நம்பர், 10 கிலோமீட்டர் 15 நிமிஷம் போனா எவ்ளோ ஆகும்ங்கிற கணக்கு. நாங்க போனது 20 கிலோமீட்டர், அதான் கிட்டத்தட்ட டபுள். அதப் பாத்துட்டுதான் ஏறணுமாம், ரேட்டு ஒத்து வரலன்னா அடுத்த வண்டிக்குப் போயிடலாம், வரிசைல முதல்ல நிக்கிறதுலதான் ஏறணும்னு இல்ல. இதெல்லாம் கெஸ்ட் ஹவுஸ் அம்மா சொல்லித்தான் தெரியும், அவங்களுக்கே சங்கடமா போச்சு பாவம்.

ஊரு என்னவோ அருமைங்க, மேலாரன் ஏரி, இடிஞ்ச கல்லு சர்ச்சுங்க, ரூன்ங்கிற பழைய எழுத்து செதுக்குன கல்லு, பொம்மை வீடு மாதிரி மர வீடுங்க. ஸ்வீடனோட முதல் நாணயத்த 995 வாக்குல ஓலோஃப் ராஜா இங்கதான் அடிச்சாராம், அந்த போர்டு முன்னாடி நின்னு எங்க வீட்டம்மா என்னைய ஒரு பார்வ பாத்தா பாருங்க.

திரும்புறப்ப பஸ்ஸுதான். 570ம் நம்பர்ல மேர்ஸ்டாங்கிற ஊரு, அங்க இருந்து 583ல ஏர்போர்ட், ஒரே டிக்கெட் 75 நிமிஷம் செல்லும், ஆளுக்கு நாப்பது குரோனர் சொச்சம், ஏறும்போது பேங்க் கார்ட தட்டினா போதும், பஸ்ல காசு வாங்க மாட்டாங்க. வர்றப்பவும் இதையே திருப்பிப் போட்டு வந்திருக்கலாம். ஏர்போர்ட்டுக்கு அடியில லோக்கல் ட்ரெயினும் இருக்கு, ஆனா அந்த ஸ்டேஷனுக்குன்னே தனியா ஒரு கட்டணம் தீட்டிடுவாங்க.

அந்த டாக்ஸிக்காரரு ரசீதும் நான் கேட்டப்புறம்தான் குடுத்தாரு. அத வச்சு கார்டு கம்பெனிக்கு எழுதிப் போட்டிருக்கேன், இன்னும் பதில் வரல.