ப்ளஸ் ஒன் பையனின் பிடிவாதப் பரு: போட்டுப் பார்த்ததில் எது தேறியது, எது தேறவில்லை

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு கிளம்பலாம். ராத்திரிக்கு அடாபலீன் 0.1% ஜெல், காலையில் பென்சாயில் பெராக்சைடு 2.5% ஜெல், கூடவே வாசனை சேர்க்காத ஒரு மாய்ஸ்சரைசர், வெயிலில் போகும்போது சன்ஸ்கிரீன். ப்ளஸ் ஒன் படிக்கும் என் பையனுக்குக் கேட்டது இதுதான். ஐந்துக்கு நான்கு ஸ்டார். ஒரு ஸ்டாரைக் குறைத்ததற்குக் காரணம் அந்த முதல் மாதம், அதைப் பிறகு சொல்கிறேன்.

பரு என்றால் அங்கொன்றும் இங்கொன்றும் இல்லை. நெற்றி முழுக்கப் பொடிப்பொடியாக, கன்னத்தில் சீழ் வைத்தவை, தாடை ஓரம் தொட்டாலே வலிக்கிற கட்டி. மீசை அரும்பி ஷேவ் செய்ய ஆரம்பித்த வயசு வேறு. வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம். "உடம்புச் சூடுடி, சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்ச்சுக் குளிக்கச் சொல்லு" என்பது மாமியார். "எல்லாம் வயசுக் கோளாறு அண்ணி, தானா போயிடும்" என்பது அவன் சித்தப்பா. சித்தப்பா பாதி சரி. பருவ வயதில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன் கூடும்போது தோலுக்கு அடியில் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பி அதிகமாகச் சுரக்கிறது, மயிர்க்காலின் வாயில் செத்த செல்கள் அடைத்துக்கொள்கின்றன, உள்ளே கிருமி பெருகி வீங்குகிறது. ஆனால் தானாகப் போகட்டும் என்று விட்டால் சில பேருக்குப் போகும்போது குழி வைத்துவிட்டுத்தான் போகிறது. மாமியாரின் எண்ணெய் விஷயம் நேர் எதிர்: தினமும் தலையில் வைக்கும் தேங்காய் எண்ணெய் நெற்றிக்கு வழிந்துதான் அந்தப் பொடிப் பருக்களில் பாதி வந்திருக்கிறது. எண்ணெயை நிறுத்தியதும் முடியோரம் மட்டும் முதலில் தெளிந்தது. வீட்டில் இன்னும் யாரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

அடுத்து பூஜ்யம் ஸ்டார் வாங்கும் சரக்கு. கூடப் படிக்கிற பையன்கள் சொன்னார்கள் என்று இவன் மெடிக்கல் ஷாப்பில் ஒரு க்ரீம் வாங்கி வந்தான். சீட்டு கேட்கவில்லை, வயசும் கேட்கவில்லை, "பிம்பிளுக்கா தம்பி, இது நல்லா போகுது" என்று எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். ட்யூபைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் மொமெட்டசோன், ஹைட்ரோக்வினோன், ட்ரெட்டினோயின். முதலில் இருப்பது ஸ்டீராய்டு. கொஞ்ச நாளில் முகம் பளிச்சென்று ஆகும், வீக்கம் வடியும், சொந்தக்காரர்கள் "என்னடா கலராயிட்டே" என்பார்கள், பொறி அங்கேதான் இருக்கிறது. நிறுத்தினால் முகம் சிவந்து எரியும், ஒரே அளவில் சின்னச் சின்னக் கொப்புளங்களாகக் கிளம்பும், பயந்துபோய் மறுபடி அதையே போடுவார்கள். நாளாக நாளாகத் தோல் மெலிந்து ரத்த நாளம் தெரிய ஆரம்பிக்கும். 2018-லேயே இந்த மாதிரி ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஷெட்யூல் எச் பட்டியலில் போட்டாயிற்று, ஆனாலும் கடையில் பிஸ்கட் மாதிரி கிடைக்கிறது. பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளூட்டிகாசோன், இந்தப் பெயர்களில் எது இருந்தாலும் பரு முகத்தில் வைக்காதீர்கள்.

பார்லர் ஃபேஷியலுக்கு ஒரு ஸ்டார், அதுவும் ஏ.சி.க்கு. ஆவி பிடித்து, சொரசொரப்பான ஸ்க்ரப் போட்டுத் தேய்த்து, கம்பியால் பிதுக்கி எடுத்தார்கள். பிதுக்கினால் சீழ் வெளியே வருவது போலவே உள்ளேயும் போகும், இரண்டு நாளில் கன்னம் வீங்கிப் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். எலுமிச்சை, டூத்பேஸ்ட் வைத்தியங்களைப் பற்றி எழுதவே வேண்டாம், எரிச்சல்தான் மிச்சம்.

பெரிய கண்ணாடிக் கதவு போட்ட ஒரு ஸ்கின் க்ளினிக்குக்கும் போனோம். டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னாடியே கோட் போட்ட ஒரு பெண் டேப்லெட்டில் பேக்கேஜ் காட்டினார், பீல் (அமிலம் தடவித் தோலின் மேல் அடுக்கை உரிப்பது) இத்தனை சிட்டிங், லேசர் இத்தனை, இ.எம்.ஐ. வசதி உண்டு. சாலிசிலிக் பீல் கெட்டது என்று சொல்லவில்லை, மருந்தோடு சேர்த்துச் செய்தால் பலன் உண்டு. ஆனால் மருந்தே தொடங்காத பையனுக்கு நேராகப் பீலில் ஆரம்பிப்பது யாருக்கு லாபம் என்று யோசித்துக்கொண்டே படி இறங்கிவிட்டோம்.

கடைசியில் திருச்சி தில்லை நகரில் ஒரு தோல் டாக்டர். ரிசப்ஷனில் பேக்கேஜ் கிடையாது, கூட்டம் மட்டும் உண்டு. சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகு, தோள் எல்லாம் பார்த்தார். "தம்பி, ஜிம்முக்குப் போறியா? புரோட்டீன் பவுடர் குடிக்கிறியா?" என்றார். குடிக்கிறானாம், எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்! வே புரோட்டீன் சில பேருக்குப் பருவைக் கிளப்பும், அதை முதலில் நிறுத்தச் சொன்னார். பரோட்டா, வறுத்த மீனையெல்லாம் பற்றி நான் கேட்டதற்குச் சிரித்துவிட்டு, இனிப்பையும் கூல்டிரிங்க்ஸையும் குறைத்தால் போதும் என்றார்.

இனி ஜெல்லுக்கு வருகிறேன். அடாபலீன் வைட்டமின் ஏ குடும்பத்து மருந்து, மயிர்க்கால் அடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது இதன் வேலை. அதனால் இருக்கிற பருவின் மேல் மட்டும் பொட்டு வைப்பதில் அர்த்தமில்லை, முகம் முழுக்கப் போட வேண்டும். அதற்கும் அளவு ஒரு பட்டாணிதான். முகம் கழுவி, ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகு, நெற்றியில் ஒன்று, கன்னங்களில் ஒவ்வொன்று, தாடையில் ஒன்று என்று தொட்டு வைத்துப் பரப்ப வேண்டும். இவன் சீக்கிரம் போகட்டும் என்று வெண்ணெய் மாதிரி அப்பியதில் மூக்கோரமும் வாயோரமும் தோல் உரிந்து, சாம்பார் பட்டாலே எரிந்தது. அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று குறைத்து, வாயோரத்தில் வாசலின் தடவிவிட்டு, அதன் மேல் படாமல் போட்டதும் அடங்கியது.

அந்த ஒரு ஸ்டார் போனது இங்கேதான். முதல் சில வாரம் பரு குறையாது, பல பேருக்குக் கூடும். உள்ளே உருவாகிக்கொண்டிருந்ததெல்லாம் மேலே வரும். டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தும் எங்கள் வீட்டில் தினம் பஞ்சாயத்து. "மூணு மாசம் போடாம வேலை செய்யலைன்னு என்கிட்ட வராதீங்க" என்று அவர் கறாராகச் சொன்னதுதான் காப்பாற்றியது. 12 வாரம் என்பது இந்த மருந்துக்கான நியாயமான கெடு. இரண்டாவது மாதக் கடைசியில் புதிதாக வருவது குறைந்தது, மூன்றாவது மாதத்தில் தாடைக் கட்டிகள் அமுங்கின.

பென்சாயில் பெராக்சைடு கிருமியைக் கொல்லும், கிருமி இதற்குப் பழகிக்கொள்வதும் இல்லை. வெறும் க்ளின்டமைசின் என்கிற ஆன்டிபயாடிக் ஜெல்லை மாதக்கணக்கில் போட்டால் அந்தப் பிரச்சினை வரும். 2.5% போதும், 10% வாங்கினால் கூடுதலாகக் கிடைப்பது எரிச்சல்தான். துண்டு, தலையணை உறை, யூனிஃபார்ம் காலர் என்று பட்ட இடமெல்லாம் வெளுத்துவிடும், வெள்ளைத் துண்டு ஒன்று ஒதுக்கிவிடுங்கள். விலையைப் பொறுத்தவரை பார்லருக்குக் கொடுத்த காசில் இரண்டு ட்யூபும் வாங்கி மிச்சமும் இருந்தது. தனியாருக்குப் போக வசதி இல்லையென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு ஓ.பி. இருக்கிறது.

மாநிறத் தோலில் பரு போனாலும் கறுப்புத் தழும்பு பல மாதம் நிற்கும், அது பரு இல்லை, அதற்காக மருந்தைத் திட்ட வேண்டாம். சன்ஸ்கிரீன் போடாவிட்டால் இன்னும் கறுக்கும். பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்கு சரியாக வராமல் கூடவே இப்படிப் பரு இருந்தால் ஹார்மோனையும் பார்க்கச் சொல்லுங்கள், ட்யூப் மட்டும் போதாது.

மாத்திரை விஷயம் பாக்கி. டாக்ஸிசைக்ளின் என்கிற ஆன்டிபயாடிக் மாத்திரை சில வாரம் கொடுத்தார்கள், நிறையத் தண்ணீரோடு குடித்துவிட்டு உடனே படுக்கக் கூடாது, இல்லாவிட்டால் நெஞ்சு எரியும். மூன்று நான்கு மாதத்துக்கு மேல் இழுக்கும் மருந்து இல்லை அது. ஐசோட்ரெட்டினோயின் தான் பெரிய ஆயுதம், 1982-ல் இருந்து புழக்கத்தில் இருக்கிறது, எண்ணெய்ச் சுரப்பியையே சுருக்கிவிடும். மொத்த அளவு எடைக்கு ஏற்றபடி கிலோவுக்கு 120 முதல் 150 மில்லிகிராம் என்பது வழக்கமான கணக்கு. 50 கிலோ பையனுக்கு 120 என்று வைத்தால் 6000 மில்லிகிராம், தினம் 20 என்றால் 300 நாள். சாப்பாட்டோடு போட வேண்டும், உதடு காய்ந்து வெடிக்கும், கொழுப்புக்கும் கல்லீரலுக்கும் ரத்தப் பரிசோதனை உண்டு, மனநிலை மாறுகிறதா என்று வீட்டில் கவனிக்க வேண்டும், டாக்ஸிசைக்ளினோடு சேர்த்துப் போடவே கூடாது. கர்ப்பத்தில் பட்டால் குழந்தைக்குக் கடுமையான குறை வரும், அதனால் பெண்களிடம் டாக்டர் அந்தக் கேள்விகளைக் கேட்டால் கோபப்படாதீர்கள், கேட்காத டாக்டரிடம்தான் பயப்பட வேண்டும்.

இவனுக்கு இப்போதே அந்த மாத்திரை வேண்டுமாம், இவன் அப்பா ப்ளஸ் டூ முடியட்டும் என்கிறார். குழி விழுகிற மாதிரி தெரிந்தால் பரீட்சையெல்லாம் பார்க்காமல் தொடங்கிவிடலாம், அதுவரை ஜெல்லே ஓடட்டும் என்கிறார் டாக்டர். நான் டாக்டர் பக்கம்.